ரேடியோ நீர்விமானம் பறக்கவிடப் பாதுகாப்பான ஏரியைத் தேடுவது எப்படி?

மாதிரி விமானம் பறக்கவிடுவோருக்கு ஓடுபாதை கிடைப்பதுதான் பெரும்பாடு. வரப்பும் முள்ளும் இல்லாத சமதரை நூறு மீட்டர் நீளத்துக்கு நம் ஊர்ப்பக்கம் எளிதில் அமைவதில்லை. ஏறத்தாழ 40,000 ஏரி குளங்கள் உள்ள தமிழ்நாட்டில், நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும் விமானத்துக்கு அந்தக் கவலை இருக்காது என்று எண்ணித்தான் பலரும் நீர்விமானத்தின் பக்கம் வருகிறார்கள். எண்ணம் பாதி சரி. தண்ணீர் நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சட்டத்தாலோ, பறவைகளாலோ, கரையின் அமைப்பாலோ நமக்கு ஆகாதது.

ஓர் ஏரியைப் பார்த்தவுடன் விமானம் எங்கே எழும்பும், எங்கே இறங்கும் என்றுதான் மனம் கணக்குப் போடும். அதைவிட முக்கியமான கேள்வி வேறு: நடுநீரில் மோட்டார் நின்றுபோனால் விமானம் எந்தப் பக்கம் ஒதுங்கும், யாரும் நீந்தாமல், யாருக்கும் ஆபத்தில்லாமல் அதை எடுக்க முடியுமா? இதற்குத் தெளிவான விடை கிடைக்காத நீர்நிலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றியவை. இறக்கை நீளம் ஒரு மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர் வரையுள்ள, பேட்டரியில் இயங்கும் ஃபோம் விமானத்தை மனத்தில் வைத்தே அளவுகளைத் தந்திருக்கிறேன்; புதியவர்கள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

முதலில் வான்வெளி வரைபடம்

ஏரிக்கரைக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பெயரில் ட்ரோன் என்று இருந்தாலும், இறக்கையுள்ள மாதிரி விமானங்களையும் உள்ளடக்கியவை. எடை 250 கிராமுக்கு உட்பட்டது நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நாம் பேசும் விமானம் பெரும்பாலும் மைக்ரோ வகையில் வரும். பொழுதுபோக்காகப் பறக்கவிடும்போது இந்த இரு வகைகளுக்கும் ரிமோட் பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால், விதிகள் விலக்கு அளித்திருந்தாலன்றி, விமானத்தைப் பதிவுசெய்து தனி அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். பதிவு நடைமுறையை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்வு செய்வதில் மண்டலங்கள்தான் முக்கியம். பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை வரும் பகுதி மஞ்சள்; அதற்கும் உள்ளே சிவப்பு. மஞ்சள் பகுதியில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடிக்குக் கீழே மட்டும் பச்சை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் பறக்கக் கூடாது. இந்த நிறங்களைக் காட்டும் வரைபடத்தை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பார்க்கலாம்.

விமான நிலையம் என்றதும் மீனம்பாக்கமும் மதுரையும் மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது. தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்கள், அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் உள்ள கடற்படை விமானத் தளங்கள், கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள், ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காடு ஏரி ஆகியவற்றைச் சுற்றியுள்ள நீர்நிலைகளை எடுத்த எடுப்பிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. முக்கியப் பிரமுகர் வருகை போன்ற காரணங்களுக்காக மாநில அரசு ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கவும் இடமுண்டு. ஆகவே போன மாதம் பார்த்த வரைபடத்தை நம்பாமல், கிளம்பும் நாளன்று காலையிலும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது?

நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எந்த ஏரி யாருடையது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் உடனே தெரிந்துவிடும். பல ஏரிகளில் மீன் பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். காகிதத்தில் துறை அலுவலகத்தின் அனுமதி எவ்வளவு முக்கியமோ, நடைமுறையில் அந்தக் குத்தகைதாரரின் சம்மதம் அவ்வளவு முக்கியம். வலை எங்கே கட்டியிருக்கிறது, எந்த நாளில் மீன் பிடிக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் நேரில் போய் விமானத்தைக் காட்டிச் சொல்லிவைத்துவிடுங்கள். ஆளில்லாமல் ஏதோ பறக்கிறது என்று யாரோ தொலைபேசியில் சொல்லி, அதன்பின் காவலர்கள் கரைக்கு வருவதைவிட இது இருதரப்புக்கும் நல்லது.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் போன்ற சென்னையின் குடிநீர் ஏரிகளையும், அணைகளின் நீர்த்தேக்கங்களையும் கேட்டுப் பார்க்கவே வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் படகுகள் ஓய்வதில்லை. கடற்கரையில் அலை விமானத்தை முதல் நிமிடத்திலேயே கவிழ்த்துவிடும். உப்பங்கழி அமைதியாகத் தெரிந்தாலும் உப்பு நீர் மோட்டாரையும், இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோவையும் அரித்துவிடும் என்பதால் புதியவருக்கு உகந்ததன்று.

கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆளரவம் இருக்காது, நீர் கண்ணாடிபோல் இருக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனாலேயே புதியவர்கள் அங்கே இழுக்கப்படுகிறார்கள். ஆனால் குவாரியின் சுவர் செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. ஓர் அடி தவறினால் காலுக்குத் தரை எட்டாது, பிடித்து ஏறவும் வழியிருக்காது. விமானம் எதிர்ச்சுவரின் அடியில் ஒதுங்கினால் எடுக்க நினைப்பதே உயிருக்கு ஆபத்து. மேலே வீசும் காற்று பாறை விளிம்பில் மோதிச் சுழன்று இறங்குவதால் பறப்பும் சீராக இருக்காது. குவாரி எவ்வளவு அருகில் இருந்தாலும் அங்கே போகாதீர்கள்.

ஏரியைப் படிப்பது

சட்டச் சிக்கல் இல்லாத மூன்று நான்கு ஏரிகள் மிஞ்சியதும், கூகுள் எர்த்தில் அவற்றின் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் நிறைந்து கிடக்கும் நீர்ப்பரப்பு ஏப்ரலில் எங்கே சுருங்குகிறது என்பதும், நீர் வந்து சேரும் ஆழமற்ற பக்கமான உள்வாயில் சீமைக் கருவேலம் எவ்வளவு தூரம் முளைத்திருக்கிறது என்பதும் அதில் தெரியும். அளவுகோல் வசதியைக் கொண்டு தெளிந்த நீரின் நீளத்தை அளந்துவிடுங்கள். காற்று வீசும் திசையில் நூறு மீட்டரும், குறுக்கே ஐம்பது மீட்டரும் தடையில்லாத நீர் இருந்தால் எழும்பவும் இறங்கவும் போதும். வானில் திரும்புவதற்கு அதைப்போல் இருமடங்கு திறந்தவெளி வேண்டும். அந்த வெளியின் கீழே சாலையோ வீடுகளோ மின்கம்பிகளோ வரக் கூடாது. பண்ணைக்குட்டைகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குப் போதாது.

பிறகு நேரில் போய், விமானம் இல்லாமல், கரை முழுவதும் நடக்க வேண்டும். தமிழ்நாட்டின் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், பெரும்பாலான ஏரிகளின் மண்கரை கிழக்குப் பக்கத்தில் பிறைவடிவில் வளைந்திருக்கும். மேற்கே உள்வாய் ஆழமில்லாமல் வயல்வரை பரந்திருக்கும். இந்த அமைப்பு நமக்குப் பல வகையில் சாதகமானது. காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. கரை நீர்மட்டத்தைவிட உயர்ந்திருப்பதால் விமானம் நீரின்மீது எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதைக் கணிக்க முடிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞைக்கும் அந்த உயரம் உதவும். விமானம் நீரில் மிதக்கும்போது அதன் ஆன்டெனா நீர்ப்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அந்நிலையில் சமிக்ஞை எட்டும் தொலைவு வானில் பறக்கும்போது இருப்பதைவிட வெகுவாகக் குறையும். தாழ்ந்த கரையில் உட்கார்ந்துகொண்டு தொலைவில் மிதக்கும் விமானத்தை இயக்க முயல்பவர்களுக்குக் கட்டுப்பாடு விட்டுவிட்டு வருவது இதனால்தான்.

கரையில் நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மதகுக்கு அருகில் நீர் ஆழமாக இருக்கும். மதகு திறந்திருந்தால் இழுப்பும் இருக்கும். உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழிந்துகொண்டிருந்தால் அதிலிருந்து இருநூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். செயலிழந்த விமானத்தை நீரோட்டம் அங்கேதான் கொண்டுபோகும். கரையின் உட்சரிவில் பதித்த கற்கள் விமானத்தின் அடிவயிற்றைக் கிழித்துவிடும் என்பதால், விமானத்தை நீரில் விடுவதற்குப் படித்துறையோ மணல் ஒதுங்கிய ஒரு சிறு துண்டோ தேவை. கரையோரப் பனைமரங்களின் வரிசை எங்கே முடிகிறது என்று பாருங்கள். இறங்கும் பாதை அந்த இடைவெளியில் அமைய வேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி எழும்பும் ஓட்டத்துக்கு ஆகாது. ஒரே ஒரு செடி அடியில் சிக்கினாலும் விமானம் பக்கவாட்டில் திரும்பி இறக்கை முனை நீரில் புதைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத தடை நீருக்கடியில் இருக்கிறது. வெட்டிவிட்டுப்போன கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும். நிறைந்த ஏரியில் அவை தெரியவே தெரியாது. மீன் பிடிக்கிறவர்களிடம் கேட்டால் கட்டை எங்கே, சேறு எங்கே, முழங்கால் ஆழம் எதுவரை என்று விரலை நீட்டிக் காட்டிவிடுவார்கள். எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல் அது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றும் ஒதுங்கும் திசையும்

நீரில் மிதக்கும் விமானம் மோட்டார் நின்றவுடன் தானாகவே மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னோக்கி மெல்ல நகரும். அது எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டியே அறிய எளிய வழி இருக்கிறது. காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றைக் கரையிலிருந்து இயன்ற தூரம் வீசிவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். அது பாதி நீரில் அமிழ்ந்து மிதப்பதால் இலேசான விமானத்தைவிட மெதுவாகப் போகும். ஆனால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் விமானமும் போகும். மட்டை நடந்து போகக்கூடிய கரைக்கு வந்துசேர்ந்தால் அன்றைய காற்று நமக்கு ஏற்றது. உள்வாய்ச் சேற்றையோ முள்காட்டையோ நோக்கிப் போனால் இடத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய பறப்பை விட்டுவிட வேண்டும்.

எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்தே நடக்க வேண்டும் என்பதால், காற்று கரைக்கு இணையாக, சற்றே கரைப்பக்கம் சாய்ந்து வீசும் இடம்தான் மிகச் சிறந்தது. வளைந்த கரையின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஒரே இடத்தில் நின்றுவிடாமல், பிறையின் வளைவில் நடந்துகொண்டே போனால் அன்றைய காற்றுக்கு இணையாக அமையும் ஒரு துண்டு பெரும்பாலும் கிடைத்துவிடும். கடலோர மாவட்டங்களில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும் நாட்களில், கிழக்குக் கரையில் நிற்பவரிடமே விமானம் ஒதுங்கி வரும். வடகிழக்குக் காற்று வலுத்த நாளில் இது தலைகீழாகும். கரையையும் பனைகளையும் தாண்டி வரும் காற்று கரையோர நீரின்மேல் சுழலும். செயலிழந்த விமானமோ ஏரியின் மறுகோடிக்குப் போய்விடும்.

பருவத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலைநேரமே புதியவருக்கு ஏற்றது. அப்போது ஏரியில் நீரும் இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். பனிமூட்டம் விலகி எதிர்க்கரை தெளிவாகத் தெரிந்த பிறகே தொடங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் கோவை, திருப்பூர், உடுமலைப் பகுதியிலும், ஆரல்வாய்மொழிப் பகுதியிலும் நீர்விமானத்தை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. காற்றாலைகளை அந்த ஊர்களில் நிறுவியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

துளியும் காற்றில்லாத, அசைவற்ற நீர்தான் சிறந்தது என்று தோன்றும், அது சரியன்று. அசையாத நீர்ப்பரப்பில் வானமே பிரதிபலிப்பதால் இறங்கும்போது உயரம் பிடிபடாது. எழும்பும்போதும் தண்ணீர், விமானத்தின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு விடாது. அடிவயிற்றில் நடுவே ஒரு படி வெட்டியிருப்பதே அந்தப் பிடிப்பை உடைத்துக் காற்றை உள்ளே விடுவதற்காகத்தான். சிற்றலை இருந்தால் அந்த வேலை எளிதாகும். விரல் தடிமனுக்குச் சிற்றலை எழும் நீர் நல்லது. அலைமுகட்டில் வெண்ணுரை தெரிந்தால் விமானத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

பறவைகள்

வேடந்தாங்கல், கரிக்கிலி, வெள்ளோடு, வடுவூர், கூந்தங்குளம், பள்ளிக்கரணை போன்ற பாதுகாக்கப்பட்ட நீர்நிலைகளில் பறக்கவிடுவதற்கு இடமே இல்லை. கேள்வி எழுவது பெயர்ப்பலகை இல்லாத சாதாரண ஏரிகளில்தான். சரணாலயத்தில் கூடு கட்டும் பறவைகள் இரைதேடி வருவது சுற்றியுள்ள இந்த ஏரிகளுக்குத்தான். நமக்கு ஏற்ற ஜனவரி, பிப்ரவரியே அவற்றுக்கும் உச்சகாலம். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கொக்கோ நாரையோ நீர்க்காகமோ கூடு கட்டியிருந்தால் அந்த ஏரியை அந்தப் பருவம் முழுவதும் விட்டுவிட வேண்டும். பெற்றோர் பறவை மிரண்டு எழுந்த சில நிமிடங்களில் முட்டையைக் காகம் கொத்திவிடும். நடுநீரில் வாத்துக் கூட்டம் மிதந்துகொண்டிருந்தாலும் அன்று பறக்கவிடக் கூடாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். நமக்கு வேறு ஏரி இருக்கிறது. செம்பருந்தோ கரும்பருந்தோ விமானத்தைச் சுற்றத் தொடங்கினால் உடனே இறக்கிவிடுங்கள்.

கரையில் இருப்பவர்கள்

ஏரிக்கரை என்பது ஊரின் பொதுவழி. காலையில் குளிப்பவர்கள், துவைப்பவர்கள், எருமைகளை நீரில் விட்டிருப்பவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் பயன்படுத்தும் துறையிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி இடம் பிடியுங்கள். விமானத்தைக் கண்டதும் சிறுவர்கள் ஓடி வருவது உறுதி. பின்னால் ஒரு கயிற்றைக் கட்டி, அதற்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தனியாகப் போகாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் உங்கள் கையில் இருக்கும்போது, கரையில் வருவோர் போவோரையும் வானத்தையும் பார்த்துச் சொல்ல இன்னொருவர் கட்டாயம் வேண்டும். முதல் ஆளாக நீங்கள் சொல்லிவைக்க வேண்டிய ஒன்று உண்டு: விமானம் நீரில் நின்றுவிட்டால் அதை எடுக்க யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. உதவும் ஆர்வத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்க இளைஞர்கள் தயாராக இருப்பார்கள். அடியில் சேறும் கொடியும் உள்ள ஏரியில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வதுண்டு.

எடுப்பதற்கான ஏற்பாடு

அப்படியானால் எப்படி எடுப்பது? கரைக்கு அருகில் நின்ற விமானத்துக்குத் தூண்டில் கழி போதும். நரம்பின் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, விமானத்துக்கு அப்பால் விழும்படி வீசி, நரம்பு இறக்கையின்மேல் படிந்ததும் மெதுவாகச் சுற்றி இழுத்தால் விமானம் கூடவே வரும். வீட்டுக்கு அருகில் வெறுந்தரையில் ஒரு காலிப் பெட்டியை வைத்து இதைப் பழகிக்கொண்டு போங்கள். அதற்கு அப்பாலுள்ள தொலைவுக்குப் பரிசலோ படகோ வைத்திருக்கும் மீனவரிடம் முன்பே பேசி, கூலியும் பேசி வைத்துவிட வேண்டும். படகில் ஏறுபவர் யாராயினும் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு வழிகளும் எட்டாத தூரத்துக்கு விமானத்தைப் போகவிடாதீர்கள். உங்கள் பறப்பெல்லையை முடிவு செய்வது ரேடியோவின் திறனோ கண்பார்வையோ அன்று, இந்த எட்டும் தூரம்தான்.

முதல் நாள்

சமிக்ஞை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்று கரையிலேயே சோதியுங்கள். விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால், ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். பேட்டரி மூடியின் விளிம்பைச் சுற்றி நீர்புகா டேப் ஒட்டிய பிறகு, விமானத்தைப் படித்துறையில் ஐந்து நிமிடம் மிதக்கவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அன்று பறப்பு இல்லை. அடுத்து நீரிலேயே ஓட்டிப் பழகுங்கள். ரட்டருக்கு, அதாவது வால் சுக்கானுக்கு, திரும்புகிறதா, காற்றுக்குக் குறுக்கே போகும்போது மிதவை அமிழ்கிறதா, ஐம்பது மீட்டரில் மிதக்கும்போதும் கட்டுப்பாடு தயங்காமல் போய்ச் சேருகிறதா என்பதையெல்லாம் இதிலேயே கண்டுகொள்ளலாம். முதல் பேட்டரி முழுவதையும் இதற்கே செலவிட்டாலும் தகும்.

பறக்கும்போது உயரத்தை அறுபது மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே இறக்குங்கள். நீரில் இறங்கிய பிறகு கரைவரை ஓட்டிவரவும் மின்சாரம் வேண்டும். விமானம் கவிழ்ந்து லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி நனைந்துவிட்டால், அதை உடனே கழற்றி, காரிலோ பையிலோ வைக்காமல் திறந்தவெளியில் மணல்மேல் தனியாக வைத்துக் கண்காணியுங்கள். அதை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள்.

ஓர் ஏரி ஒத்துவந்துவிட்டால் அதையே நம்பியிருந்துவிட வேண்டாம். பிப்ரவரி கடைசியில் மதகு திறந்து பாசனம் தீவிரமாகும்போது நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்கும். ஜனவரியில் ஓர் ஆள் ஆழத்தில் மறைந்திருந்த கட்டைகள் மார்ச்சில் விமானத்தின் அடிவயிற்றைத் தொடும் உயரத்துக்கு வந்துவிடும். கரையில் ஒரு கல்லில் நீர்மட்டத்தைச் சுண்ணாம்பால் குறித்துவையுங்கள். அடுத்த முறை அது ஒரு முழம் இறங்கியிருந்தால், விமானத்தின் பாகங்களைப் பொருத்துவதற்கு முன் மீன்பிடிப்பவரிடம் மறுபடியும் கேட்டு, ஓடுபாதையை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.